பின்சீட்டுக்காரன் எழுதுறது

மச்சி,

வண்டி வாங்கிட்டேன். அட்வான்ஸ் கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை கைக்கு வருது.

போன்ல சொல்லியிருக்கலாம். சொன்னா நீ சிரிப்ப. "பின்சீட்டு முன்னாடி வந்துடுச்சுடா"ன்னு குரூப்ல போடுவ. ஆளாளுக்கு சிரிக்கிற பொம்மை போடுவாங்க, நான் ஒரு கட்டைவிரல் போட்டுட்டுப் போயிடுவேன். 19 வருஷமா எல்லாத்தையும் அப்படித்தான் முடிச்சுக்கிட்டு வர்றோம். எழுதினா நீ குறுக்க பேச முடியாது, அதுக்காக எழுதுறேன்.

நம்ம தெரு ஆளுங்க பாதிப் பேர் நான் இங்க எழுதுறதைப் படிக்கிறாங்கன்னு தெரியும். உங்க அண்ணன் படிக்கிறார். உங்க அம்மாவுக்குப் பாப்பா படிச்சுக் காட்டுதுன்னு போன பொங்கலுக்கு நீதான் சொன்ன. அதனால சில இடத்துல சுத்தி வளைச்சுத்தான் போவேன். உனக்குப் புரியும். மத்தவங்களுக்குப் புரியலைன்னா பரவாயில்லை.

ஆபீஸ் மணலிக்கு மாறிடுச்சு. பாரிமுனையில இருந்த வரைக்கும் எனக்குக் கவலையே இல்லை. 2021-ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததும் தண்டையார்பேட்டையில ஏறி ஐகோர்ட் ஸ்டேஷன்ல இறங்கினா வேலை முடிஞ்சது. வண்டி ஓட்டத் தெரியாதவன்னு ஒருத்தன் வெளிய தெரியாம வாழறதுக்கு மெட்ராஸ்ல இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மணலிக்கு மெட்ரோ இல்லை. ஷேர் ஆட்டோவுல ரெண்டு மாசம் பாதி உடம்பு வெளிய தொங்கிக்கிட்டுப் போனேன். ஒரு பக்கம் டேங்கர், ஒரு பக்கம் ஹார்பருக்குப் போற டிரெய்லர். அப்பதான் தோணுச்சு, எவனோ ஓட்டி நான் சாகுறதுக்கு நானே ஓட்டலாமேன்னு. வீட்ல இப்படிச் சொல்லல. வீட்ல பெட்ரோல் கணக்கு சொன்னேன்.

நீ புல்லட்டுதான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன. (இந்த வார்த்தையை அழிச்சுட்டுத் திரும்ப எழுதினேன். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல எந்தப் பழமொழியும் ஒழுங்கா வர மாட்டேங்குது பாரு.) "நம்ம ஊர் வண்டிடா, திருவொற்றியூர்ல பொறந்தது." தெரியும். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ஆரம்பிச்சது, திருவொற்றியூர்ல பேக்டரி வந்தது, எல்லாம் நீ குடிச்சா சொல்ற வரலாறு. ஆனா ஊர்ப் பாசத்தை வச்சு முதல் வண்டி வாங்க முடியாதுடா. அவங்க கிளாசிக் 350 எடை 195 கிலோ. டி.எச். ரோட்டு ஷோரூம்ல அதை ஸ்டாண்ட்லேருந்து எடுத்து ரெண்டடி பின்னால தள்ளிப் பார்த்தேன். அங்கயே வேர்த்துடுச்சு. சேல்ஸ் பையன் ஓடி வந்து பிடிச்சுக்கிட்டான். "யாருக்கு சார், பையனுக்கா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். எனக்கு ரெண்டும் பொண்ணு.

அப்புறம் அதே கம்பெனி ஹன்டர் காட்டினான். 2022-ல வந்தது, சின்னதா தெரியும், சீட் உயரம் 790 மில்லிமீட்டர். நம்ம உயரத்துக்கு ரெண்டு பாதமும் தரையில படியுது. மனசு கிட்டத்தட்ட விழுந்துடுச்சு. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு ஸ்ப்ளெண்டரைப் பார்த்தா அதுவும் 785. உயரத்துல வித்தியாசமே இல்லை. ஆனா ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஹன்டர் 181. நடுவுல 69 கிலோ. அந்த நம்பரைப் பேப்பர்ல கழிச்சு எழுதிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். காலேஜ் முடிச்சப்ப நீ அவ்வளவு எடைதான் இருப்ப. ஒருத்தனைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டே காலம் பூரா ஓட்டுற மாதிரி. வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

புதுசா ஓட்டுறவன்கிட்ட யாரும் எடையைப் பத்திப் பேசுறதில்லை மச்சி. "எவ்ளோ கொடுக்குது"ன்னு மைலேஜ் கேப்பாங்க, இல்ல "எவ்ளோ போகும்"னு வேகம் கேப்பாங்க. கீழ விழுந்தா நீ ஒருத்தனா தூக்கி நிறுத்துவியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் அதை மட்டும்தான் யோசிச்சேன். ஒரு வண்டி கீழ கிடந்ததைப் பார்த்தவன் வேற எதை யோசிப்பான்?

சரி. அந்தக் காலையைப் பத்தி எழுதித்தான் ஆகணும்.

2006, மாசி மாசம். காசிமேட்டுலேருந்து திரும்பி வர்றோம். விடியல, ஆனா வானம் சாம்பலாயிடுச்சு. உன் யமஹா ஆர்.எக்ஸ். 100. அந்த டூ டி ஆயில் வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறுது. ஒன்றரைக் கிலோ வஞ்சிரம், பிளாஸ்டிக் பையில, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் மடியில. பை அடியில ஓட்டை, சொட்டுது. ரோட்டுலயும் சொட்டியிருக்கு, லாரியிலிருந்து ஒழுகுன ஐஸ் தண்ணி, செதில், அது மேல கடல் மண்ணு. ஈரமா இருக்கிற மாதிரியே தெரியாது, வெறும் பளபளப்புதான். சந்துலேருந்து ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டி வெளிய வந்துச்சு. அவர் மேல தப்பே இல்லை, மெதுவாத்தான் வந்தார். ஆக்சிலரேட்டர் விடப்பட்டது. டூ ஸ்ட்ரோக்ல விட்டா இன்ஜின் ஒண்ணும் பெருசா இழுத்துப் பிடிக்காது, வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அது தெரியாத கை பதறும். முன் பிரேக் பிடிக்கப்பட்டது. முழுசா. சக்கரம் சுத்துறது நின்னுடுச்சு, வண்டி நிக்கல. வலது பக்கமா சாஞ்சு வழுக்கிக்கிட்டே போச்சு. உன் வலது கால் அடியில.

விடப்பட்டது, பிடிக்கப்பட்டது. ரெவின்யூ ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கேன்னு எனக்கே தெரியுது.

என்கிட்ட லைசென்ஸ் கிடையாது, உன்கிட்ட இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஏட்டு நோட்டைப் பிரிச்சப்ப, ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே நீ சொன்ன ஒரு வரி இருக்கே, அதை இங்க எழுத மாட்டேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனுக்கு 11 நாள் இருந்துச்சு, அதையும் எழுத மாட்டேன். மைதானத்துல லெஃப்ட் விங்ல நீ ஓடுறதைப் பார்த்த எவனும் அதை மறந்திருக்க மாட்டான்.

மன்னிச்சுக்கோன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேக்கற மாதிரி ஒரு இடம் நீ கொடுக்கலைடா. ராடு வச்ச கால் கட்டு பிரிக்கிறதுக்குள்ள ஜோக் அடிக்க ஆரம்பிச்சுட்ட. "பின்சீட்டு பயந்துட்டான், இனி வண்டியே ஏற மாட்டான்." என் கல்யாணத்துல மேடையில வச்சு சொன்ன. பொண்ணு பார்க்க ஷேர் ஆட்டோவுல வந்து இறங்கின மாப்பிள்ளைன்னு என் மாமனார்கிட்டயே சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். ஒவ்வொரு தடவை நீ பின்சீட்டுன்னு கூப்பிடும்போதும் அந்த ஆஸ்பத்திரி வாசல் வரியைத்தான் திரும்பச் சொல்ற, எனக்காக இன்னொரு தடவை சாட்சி சொல்ற. அது புரிய எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. புரிஞ்ச பிறகு கோவம்தான் அதிகமாச்சு. ஒரு தடவை அடிச்சிருக்கலாம். ஒரு தடவை, போதையிலயாவது, "உன்னாலதான்டா"ன்னு கத்தியிருக்கலாம். நீ பெரிய மனுசனாவே இருந்துட்ட. உன்கூட சரிசமமா உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியல என்னால.

இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு வேணாம்னு ரெண்டு தடவை சொன்னேன். "ஆறு மணிக்குள்ள ரோடு காலிடா, எப்பதான் கத்துக்குவ"ன்னு நீதான். . . இதுக்கு மேல எழுதினா சுத்தி வளைக்கிறதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். விடு.

ஓட்டக் கத்துக்கொடுத்தது அக்கா பையன். 22 வயசு. எல்.எல்.ஆர். போட்ட மறுநாளே காலையில அஞ்சரைக்கு மணலி பக்கம் ஒரு காலி இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். முதல் மூணு நாள் ஆக்சிலரேட்டரையே தொட விடலை. கிளட்ச்சை மட்டும் விட்டுப் பிடிச்சு, விட்டுப் பிடிச்சு, ஆஃப் கிளட்ச்லயே வண்டியை நடக்க வச்சான். "மாமா, கீழ பார்க்காத, எங்க போகணுமோ அங்க பாரு." அந்தக் குரல்ல இருந்த பொறுமையைக் கேட்டா எனக்கு அழுகையா வந்துச்சு, வெட்கமாவும் இருந்துச்சு. 30 நாள் கழிச்சு எட்டு போடப் போனேன். எனக்கு முன்னாடி நின்ன பசங்க எல்லாம் என் வயசுல பாதி. காலைக் கீழ வைக்காம எட்டைச் சுத்தி வந்துட்டேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கல, கையை மட்டும் ஆட்டினார்.

என்ன வண்டின்னு இன்னும் சொல்லல இல்ல? எஃப்.இசட். ஆமா, யமஹாதான். சிரிச்சுக்கோ.

125 சி.சி.யே போதும்னுதான் முதல்ல இருந்தேன். மணலி போக அதுக்கு மேல எதுக்கு? ஆனா அந்த சைஸ்ல பெரும்பாலும் சி.பி.எஸ். தான், பின் பிரேக்கை மிதிச்சா முன்னாடியும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். 2019 ஏப்ரல்லேருந்து 125 சி.சி.க்கு மேல இருக்கிற புது வண்டி எல்லாத்துலயும் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏற்பாடு, இருக்கணும்னு சட்டம். எஃப்.இசட். 149 சி.சி., எடை 135 கிலோவை ஒட்டி, சீட் அதே 790. அதுல இருக்கிறது சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ்., அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். இன்னும் கொஞ்சம் போட்டா ரெண்டு சக்கரத்துக்கும் இருக்கிற வண்டி வாங்கலாமேன்னு அக்கா பையன் மூணு நாள் சண்டை போட்டான். அவன் சொல்றதுதான் சரி, யார் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா அந்தக் காசு இப்ப இல்லை. அதுவும் போக, எனக்கு அந்த ஒரு சக்கரம்தான்டா வேணும்.

அவன் ஃபிரெண்டோட எஃப்.இசட். ஒண்ணை வாங்கிட்டு வந்தான். அந்தக் காலி இடத்துல ஒரு ஓரமா மண்ணு படர்ந்திருக்கும். "நேரா வா மாமா, முப்பதுல வா, மண்ணு மேல வந்ததும் முன் பிரேக்கை நல்லாப் பிடி. ஹேண்டில் மட்டும் திரும்பக் கூடாது. வளைவுல இந்த ஏ.பி.எஸ். காப்பாத்தாது." முதல் நாலு தடவை பிடிக்கவே இல்லை, மண்ணைத் தாண்டிப் போய் நின்னேன். அவன் ஒண்ணும் கேக்கல. அஞ்சாவது தடவை பிடிச்சேன். லிவர் விரலுக்கு அடியில படபடன்னு துடிச்சுது. சக்கரம் நிக்கப் போறதை சென்சார் பார்த்துட்டு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குமாம், அதுதான் அந்தத் துடிப்பு. வண்டி நேரா வந்து, ஒரு பக்கமும் சாயாம, நின்னுடுச்சு.

அன்னைக்கு லிவர்ல இந்தத் துடிப்பு இல்லை மச்சி. கல்லு மாதிரி இருந்துச்சு. நான் பிடிச்சேன், பிடிச்சுக்கிட்டே இருந்தேன், விடணும்னு எனக்குத் தெரியல.

மேல எழுதியிருக்கிறதை ரெண்டு தடவை அழிச்சேன். இப்ப இருக்கட்டும்.

ஏன்னா, வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உன் சட்டை. அந்த மஞ்சள் கட்டம் போட்டது. வயித்துலேருந்து கீழ முழுக்க வஞ்சிர ரத்தமும் ஐஸ் தண்ணியும். என் சட்டையில மண்ணு மட்டும்தான், ஒரு சொட்டு மீன் வாடை இல்லை. ஆஸ்பத்திரியில உன் துணியை எல்லாம் ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. அதை வாங்கிட்டுப் போய்த் துவைச்சது உங்க அம்மா. அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு, முட்டைப் பொரியலோட சோறு போட்டாங்க. "நீ சாப்புடுப்பா, உனக்கு என்னா ஆச்சு, பயந்துட்டிருப்ப"ன்னாங்க. மீன் பையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தன் வண்டி ஓட்ட முடியாதுன்னு காசிமேட்டுல பொறந்த பொம்பளைக்குத் தெரியாதாடா? அவங்க வீட்ல அதுக்கப்புறம் எனக்கு வஞ்சிரம் வச்சதே இல்லை. நான் இதுவரைக்கும் அதை யோசிச்சதே இல்லை.

ஹெல்மெட் ரெண்டு வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டியை எடுத்துட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வரேன். நீ இருந்தாலும் சரி, இல்லைனாலும் சரி. அதுவரைக்கும் பாப்பாகிட்ட இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாத. உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன்.