கிஷ் தீவிலிருந்து அம்மாவுக்கு

கிஷ், 3.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மேட்டுவீட்டு அண்ணன் கையில் நீ கொடுத்துவிட்ட கடிதமும் கருவாடும் வந்து சேர்ந்தன. இத்தனை நாளாய் ஒரு வரி எழுதவில்லை என்று தங்கச்சியை விட்டுத் திட்டி எழுதியிருக்கிறாய். கடலிலிருந்து ஏறினால் படுக்கத்தான் தோன்றுகிறது, வேறொன்றுமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது.

இங்கே ஈரானில் வருஷம் பிறந்திருக்கிறது. மார்ச் 20, மதியம் 12.31க்கு 1404 பிறந்தது. சரியாக அந்த நிமிஷத்துக்குக் காத்திருந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நம்ம ஐஸ் டிப்போ தாத்தாவைக் கேட்டால் இது 2584 என்பார். 1976இல் அப்போதைய ராஜா, சைரசு மன்னர் பட்டமேறியதிலிருந்து எண்ணும்படி நாள்காட்டியையே மாற்றினாராம். சனங்கள் கொந்தளித்ததும் இரண்டே வருஷத்தில் பழையபடி ஆகிவிட்டது. தாத்தாவின் கணக்கு நோட்டு மட்டும் மாறவில்லை. எங்கள் மீன்பிடி லாஞ்சின் ஐஸ் பாக்கியும் அதில் 2583இலிருந்தே நிற்கிறது. அதற்கு நீ கவலைப்படாதே, முதலாளி பார்த்துக்கொள்வார்.

சைரசு யாரென்று உனக்குத் தெரியும். பாபிலோனில் கிடந்த யூதர்களை ஊருக்கு அனுப்பிவைத்தாரே, பைபிளில் வரும் அதே ராஜாதான். எங்கள் வேதத்தில் அவர் பேர் இருக்கிறது என்று சொன்னதும் தாத்தா என்னைக் கட்டிப்பிடித்து, அன்றைய ஐஸுக்குக் காசே வாங்கவில்லை. 2016 அக்டோபரில் ஷிராஸ் பக்கம் பசர்காதில் அந்த ராஜாவின் கல்லறையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கூடினார்களாம், இவரும் போயிருக்கிறார். மறு வருஷம் சாலையை மறித்துவிட்டார்கள். கழுத்தில் இறக்கை வைத்த மனிதன் டாலர் போட்டிருக்கிறார். அது இஸ்லாம் வருமுன் இங்கே இருந்த ஜரதுஷ்டிரர் மதத்து அடையாளம், ஆனால் இவர் பிறப்பால் முஸ்லிம். நெருப்புக் கோயிலுக்கெல்லாம் போனதில்லை. எனக்கென்னவோ, இவருக்குக் கோபம் இன்றைய ஆட்சிமேல், அதைப் பழைய ராஜாவைக் கொண்டு சொல்கிறார் என்றுதான் படுகிறது. அவர் மகளே கிண்டல் செய்கிறாள்: நாள்காட்டியை மாற்றிய அதே ராஜா 1971இல் பழைய தலைநகரான பெர்சபோலிசில் சைரசு தொடங்கிய ராஜாங்கத்துக்கு 2500 வருஷ விழா எடுத்தபோது, விருந்துச் சாப்பாடு பாரிசிலிருந்து வந்ததாம்.

எல்லாம் அரபிகளால் கெட்டது என்று தாத்தா ஆரம்பித்தால் நான் எழுந்துவிடுவேன். எனக்குச் சோறு போடுகிற முதலாளி வீட்டில் பேசுவது அரபிதானே.

வருஷத்தின் கடைசிச் செவ்வாய் இரவு கடற்கரையில் நெருப்பு மூட்டி, "என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு" என்று சொல்லித் தாண்டினார்கள். நோயும் சோர்வும் போய் நெருப்பின் நிறம் வருமாம். நானும் தாண்டினேன், பங்குச்சாமியிடம் சொல்லிவிடாதே. மேசையில் ஏழு பொருள் வைக்கிறார்கள். பூண்டு, ஆப்பிள், வினிகர் எல்லாம் உண்டு. தட்டில் முளைக்கவிட்ட கோதுமைப் பயிரும் உண்டு, நம் பக்கத்து அம்மன் கோயில் முளைப்பாரிதான். பதின்மூன்றாம் நாள், நேற்று, அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள்.

வருஷம் பிறக்கும் முன் இரவில் மீனும் கீரைச்சோறும் சாப்பிடுவது வழக்கம். ரமலான் என்பதால் பொழுது சாய்ந்துதான் அடுப்பே பற்றவைத்தார்கள். எனக்கும் தவக்காலம், மீன் என்றால் தோஷமில்லை. தாத்தா என்னிடம் நெய்மீன்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார். சோறு அவ்வளவு பச்சை நிறம், காரம் துளியும் கிடையாது. அதைக்கூடத் தின்றுவிட்டேன். அடுத்த லாஞ்சில் பந்தர் அப்பாஸ்காரர்கள் புளி கரைத்து மீன் வைத்தார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் புளிமுளம் வாசனை. பெருநாளைக்கு வந்துவிடலாம் என்றிருந்தேன், ஊரில் எல்லோரும் கூடியிருப்பீர்கள் என்று நினைத்ததும் ஒரு வாய் இறங்கவில்லை.

சரி, அதை விடு. முட்டத்து வரனைப் பற்றிப் பெரிய மாமாவை நேரில் போய் விசாரிக்கச் சொல். பையன் குடிக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி. நகை எத்தனை பவுன் என்று இப்போதே வாக்குக் கொடுக்காதே. அடகு வைத்ததற்கு இந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடு. பங்குக் கணக்கு இன்னும் பிரியவில்லை, பிரிந்ததும் அசலுக்கு அனுப்புகிறேன். ஜூன் மழைக்கு முன்னால் அடுக்களை ஓட்டை மாற்றிவிடு, சித்தப்பாவிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கிக்கொள்.

அப்புறம், தம்பியை இங்கே அனுப்புகிற பேச்சு. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் ஒரு பைசா முன்பணம் கொடுக்காதே, அவன் பாஸ்போர்ட்டையும் கையில் கொடுக்காதே. ஐடிஐ படிப்பை முடிக்கட்டும். காரணம் கேட்டு எழுதாதே, வந்து சொல்கிறேன்.

உன் மகன்