வாயில் பழகாத இலக்கணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளைத் தவறாமல் படித்து வருகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்புவதும், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவதும், நேர்கூற்றை அயற்கூற்றாக எழுதுவதும் தேர்வுக்குத் தேவையானவைதான். அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, அந்தப் பயிற்சிகளில் ஒன்றுகூடப் பிள்ளைகளை வாய் திறந்து பேசச் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் நெடுநாளாக இருக்கிறது.

பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியிடம், நேற்று மாலை வீட்டில் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்து நின்றவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னாத் தப்பாயிருமுங்க சார், எழுதித் தரட்டுங்களா?" என்றாள். எழுதச் சொன்னேன். பட்டுப்புழு மனையில் அம்மாவுடன் சேர்ந்து மல்பெரி இலை போட்டதை நான்கு வரிகளில் எழுதித் தந்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஐந்து ஆண்டுகளாக நான் நடத்திய இறந்தகாலம் அவள் விரல்களுக்கு வந்திருந்தது, நாவுக்கு வரவில்லை. அது அவளுடைய குறையன்று. என் வகுப்பில் அவளுக்குப் பேச வாய்ப்பே கிடைத்ததில்லை.

எழுதும்போது விதியை நினைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. பேசும்போது அது இல்லை. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினைமுற்று மாறுவதை நான்கு வயதுக் குழந்தைகூடத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவன், அவள், அது என்னும் இடத்தில் மட்டும் ஓர் 'எஸ்' சேர்ந்தால் போதும் என்றிருந்தும், பட்டப்படிப்பு முடித்தவர்கள்கூட 'ஷீ கோ' என்கிறார்கள். விதி கடினமாக இருப்பதனால் வரும் தவறன்று இது, வாய்க்குப் பழக்கமில்லாததனால் வருவது.

ஓய்வுக்குப் பின் எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பேச்சுவழி இலக்கணம் சொல்லித் தருகிறேன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, வகுப்பு வேறு, நிலை வேறு என்பதைத்தான். ஏழாம் வகுப்புச் சிறுவன் தயங்காமல் கேள்வி கேட்கிறான்; கல்லூரி மாணவர் ஒருவர் தம் பெயரைச் சொல்வதற்கே தடுமாறுகிறார். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறை, ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் ஒருவரால் அந்த மொழியில் என்ன செய்ய முடியும் என்று விவரிக்கிறது. நம் மாநிலத்திலும் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். எங்கள் நூலகத்துக்கு ஆறு நிலை அதிகம் என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நிலையில் இருவர் இருவராக உட்காருகிறார்கள். ஒருத்தி, 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' என்கிறாள். பக்கத்தில் இருப்பவன் அதை மற்றவர்களுக்கு, 'ஷீ கெட்ஸ் அப் அட் ஃபைவ்' என்று எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு அப்பா, அம்மா, அண்ணன் என்று வீட்டில் உள்ளவர்களின் அன்றாட வேலைகள் வரும். இந்தப் பயிற்சியில் விதியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் அந்த 'எஸ்' ஒலியை நாற்பது ஐம்பது முறையாவது சொல்லிவிடும்.

அடுத்த நிலையில் கேள்விகள். தமிழில் போனாய் என்பதன் இறுதியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போனாயா என்று கேள்வி பிறந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்து இறந்தகாலத்தைத் தானே சுமந்துகொள்ள, வினை பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. இது பிடிபடாமல்தான் 'டிட் யு வென்ட்' என்கிறார்கள். ஆகவே ஒருவர் போன வாரம் போய்வந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் 'டிட் யு' என்று தொடங்கும் பத்துக் கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கொடிவேரி அணையா, பவானி கூடுதுறையா, பண்ணாரி அம்மன் கோயிலா, அந்தியூர்ச் சந்தையா என்று நெருங்கும் பரபரப்பில், 'டிட் யு சீ, டிட் யு பை' என்று சரியான வடிவம் தானாக வந்து விழுவதைக் கேட்பது எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி.

மேல்நிலையில் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து அனுப்பிவைக்கும் பணியில் இருக்கும் இளைஞர்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுவதுதான் அவர்களுக்குப் பயிற்சி. தமிழில் 'நேற்று அனுப்பியிருக்கிறோம்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'வீ ஹேவ் ஷிப்ட்' என்பதோடு 'யெஸ்டர்டே' சேராது. இதைப் பலமுறை பேசிப் பார்த்தால்தான் காதுக்கே உறுத்தத் தொடங்கும். அதே சமயம், 'துணி நேரத்துக்கு வந்திருந்தால் போன வாரமே அனுப்பியிருப்போம்' என்று தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், அவர்கள் அஞ்சி ஒதுக்கும் 'இஃப் வீ ஹேட்', 'வீ வுட் ஹேவ்' வாக்கியம் எளிதாக அமைந்துவிடுகிறது. இந்த இடத்தில் தாய்மொழி குறுக்கே நிற்பதில்லை, கைதூக்கி விடுகிறது. தமிழே பேசக் கூடாது என்று தடைபோடும் பயிற்சி மையங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருத்தும் முறையும் நிலைக்கு நிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'மை மதர் கோ டு மில்' என்று சொல்லும் சிறுமியை நிறுத்தித் திருத்தினால் அடுத்த வாக்கியம் அவளிடமிருந்து வராது. 'ஓ, ஷீ கோஸ் டு த மில்?' என்று பதில் சொல்வதுபோலச் சரியான வடிவத்தைக் காதில் போட்டாலே போதும். நடு நிலையில் இருப்பவரிடம் புருவத்தை உயர்த்தினால் தாமே திருத்திக்கொள்வார். மேல்நிலையினர் பேசி முடிக்கும்வரை குறித்துவைத்துவிட்டுப் பிறகு சொல்லலாம். யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைத்தான் திருத்த வேண்டும். ஐந்து பிழைகளை ஒன்றாகச் சுட்டிக்காட்டி நான் பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆங்கிலப் பாடவேளையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி இருவர் இருவராகப் பேசவிட்டால் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சத்தம் வரத்தான் செய்யும். வகுப்பு சந்தைக்கடை போல இருக்கிறதே என்று தலைமையாசிரியர்கள் கடிந்துகொள்ளாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே போகிறது. அதில் ஒரு பகுதியைப் பேச்சுக்குத் தரும்படி பள்ளிக் கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மனப்பாடம் செய்த சுய அறிமுகத்துக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றி இரண்டு மாணவர்களை ஒருவரோடொருவர் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு படத்தை வெளியிட்டு, அதன் கீழே மூன்று நிலைக்கும் ஒவ்வொரு பேச்சுப் பயிற்சி தாருங்கள். முதல் வாரத்துக்கு ஒரு மாட்டுச் சந்தைப் படம் போதும்: முதல் நிலையினர் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லட்டும், நடு நிலையினர் காளையை விற்றவரிடம் கேள்வி கேட்கட்டும், மேல்நிலையினர் விலை படியாமல் திரும்பியவர், என்ன செய்திருந்தால் காளையை வாங்கியிருப்பார் என்று பேசட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.