பச்சை வட்டம், சிவப்பு வட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ குடும்பக் குழுவில் போட்ட அமெரிக்க வருமானப் பட்டியலைப் பார்த்தேன். எந்த நாட்டு வம்சாவளிக் குடும்பத்துக்கு வருஷ வருமானம் எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருந்தது. உச்சியில் நாம் இந்தியர், பச்சை வட்டம். கொஞ்சம் கீழே ஆஸ்திரிய வம்சாவளி, அதற்கும் பச்சை. இன்னும் கீழே வியட்நாமியர், சிவப்பு. அடியில் நீ எழுதியது: "எல்லாம் ரத்தத்துலயே இருக்கும்மா." உன் சித்தப்பா உடனே கைதட்டும் பொம்மை போட்டுவிட்டார்.

குழுவில் பதில் போட்டால் அது எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். அதனால் தனியாக எழுதுகிறேன். சர்வீஸ் முழுக்கப் புள்ளியியல் துறையில் அட்டவணைகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஓர் அட்டவணை கைக்கு வந்தால் முதலில் தலைப்பையும் அடிக்குறிப்பையும் படிப்பேன், அப்புறம்தான் எண்கள். நீ அனுப்பிய படத்தில் அடிக்குறிப்பை வெட்டிவிட்டார்கள்.

முதலில் இந்த ஆஸ்திரியர்கள் யார் என்று பார். அமெரிக்கக் கணக்கெடுப்பில் "உங்கள் வம்சாவளி என்ன?" என்று ஒரு கேள்வி வரும். அவரவர் எழுதுவதுதான் பதில். கொள்ளுப்பாட்டி ஒருத்தி வியன்னாவிலிருந்து வந்தவள், மற்ற மூன்று பக்கமும் ஐரிஷ் என்றாலும், எழுதினால் அவர் ஆஸ்திரியக் கணக்கிலும் வருவார். அப்படி எழுதுகிறவர்கள் சுமார் 7 லட்சம் பேர். எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ, யாருக்கும் தெரியாது. நாலு தலைமுறை கழிந்தும் பூட்டன் ஊரை நினைவில் வைத்து எழுதுகிற வீட்டில் படிப்பும் வசதியும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. வியட்நாமியர் விஷயம் வேறு. இனம் பற்றிய கேள்வியிலேயே 1980 முதல் அவர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. நேற்று வந்திறங்கிய தாத்தாவும் அதில் டிக் அடிப்பார், கூகுளில் வேலை பார்க்கும் பேத்தியும் டிக் அடிப்பாள். 2019 கணக்கில் அவர்களில் பத்துக்கு ஆறு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஒரு பக்கம் வந்து நூறு வருஷம் ஆனவர்களின் பேரன் பேத்திகள், இன்னொரு பக்கம் வந்தவர்களே. இரண்டையும் ஒரே பத்தியில் அடுக்கிவிட்டு ரத்தம் என்கிறாய்.

அந்த நூறு வருஷத்துக்கு முந்தைய கதையையும் கேள். 1907-ல் மட்டும் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்திலிருந்து 3 லட்சத்து 38 ஆயிரம் பேர் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். போலிஷ், உக்ரைனியர், ஸ்லோவேனியர், யூதர், ஜெர்மன் பேசுகிறவர் என்று எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இன்றைய ஆஸ்திரியாவின் கிழக்கோரத்தில் இருக்கிற புர்கன்லாண்ட் அப்போது ஹங்கேரியின் பக்கம். அங்கிருந்து நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் சிகாகோவுக்கும் பென்சில்வேனியாவின் சிமெண்ட் ஆலைகளுக்கும் போயின. 1921-ல் அந்தப் பகுதி ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்பே கப்பல் ஏறிப் போனவர்கள் போன இடத்தில் இருந்துகொண்டே ஆஸ்திரியர் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் உன்னைப் போல ஒருவர் பட்டியல் போட்டிருந்தால் இவர்களுக்குத்தான் சிவப்பு வட்டம். போடவும் செய்தார்கள். டில்லிங்ஹாம் கமிஷன் என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. 1911-ல் 41 தொகுதிகளாக அறிக்கை வந்தது. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் பழைய குடியேறிகளுக்கு நிகரில்லை, இந்த நாட்டோடு ஒட்ட மாட்டார்கள் என்பது அதன் சாரம். மூட்டை மூட்டையாக அட்டவணைகள், அத்தனையும் உழைத்துத் திரட்டியவை. அதன் தொடர்ச்சியாக 1924-ல் குடியேற்றத்துக்கு நாடுவாரியாக வரம்பு வைத்துச் சட்டம் வந்தது. ஆஸ்திரியாவுக்கு வருஷத்துக்கு 785 விசா, அவ்வளவுதான். என் தொழிலைப் பற்றி எனக்குக் கூச்சம் வருகிற இடம் இது.

பிறகு அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? ஆலைகளில் தொழிற்சங்கம் வந்தது. 1944-ல் போர்வீரர்களுக்கான சட்டம் வந்து, திரும்பி வந்த பையன்களுக்குக் கல்லூரிச் செலவையும் வீட்டுக்கடன் உத்தரவாதத்தையும் அரசு ஏற்றது. புறநகரில் வீடு வாங்கினார்கள், வீட்டு விலை ஏறியது, அதை விற்றும் அடமானம் வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதே காலத்தில் கறுப்பினத்தவருக்கு அந்தக் கடன் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்பதையும் மறந்துவிடாதே. உழைப்பு எல்லாரிடமும் இருந்தது. வங்கிக் கதவு சிலருக்குத்தான் திறந்தது.

இன்னொரு கூட்டம் 1938-ல் வந்தது. மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் வியன்னாவின் யூதர்கள் ஓடினார்கள். சுமார் 30 ஆயிரம் பேர் அமெரிக்கா சேர்ந்தார்கள். சொத்தையெல்லாம் பறித்துக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். ஆனால் படிப்பைப் பறிக்க முடியாதே. எரிக் கண்டெல் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் அப்பா வியன்னாவில் பொம்மைக்கடை வைத்திருந்தவர். புரூக்ளினுக்கு வந்து சின்னத் துணிக்கடை போட்டார். ஒன்பது வயதில் வந்த மகனுக்கு 2000-ல் நோபல் பரிசு. சிமெண்ட் ஆலைக் கூலியின் பேரனையும் வியன்னா வக்கீலின் பேத்தியையும் சேர்த்துச் சராசரி எடுத்ததுதான் உன் பச்சை வட்டம்.

இப்போது வியட்நாமியர். 1975 ஏப்ரல் 30, தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படையிடம் விழுந்த நாள். முதல் அலையில் போன ஒன்றேகால் லட்சம் பேரில் அதிகாரிகள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், அமெரிக்கர்களோடு வேலை பார்த்தவர்கள் நிறைய. அவர்களை நாலு ராணுவ முகாம்களில் வைத்து, ஒரே இடத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்று நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். அவர்களோ ஒருவரையொருவர் தேடிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கும் உன் ஹூஸ்டனுக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். 1978-க்குப் பிறகு படகில் வந்தவர்கள் வேறு மாதிரி: மீனவர், சிறு வியாபாரி, சீன வம்சாவளியினர். கடைசியாக, தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்ததற்காகப் பல வருஷம் முகாமில் அடைபட்டு, 1990-களில் ஐம்பது வயதுக்கு மேல் வந்தவர்கள். அந்த வயதில் புது மொழியும் புது வேலையும் என்றால் நினைத்துப் பார். அரசு உதவியும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1980 அகதிகள் சட்டத்தின்படி அகதிக்கு 36 மாதம் வரை கிடைத்தது, 1991-க்குள் 8 மாதமாகிவிட்டது.

உன் ஊருக்குப் பக்கத்துக் கடலிலேயே என்ன நடந்தது தெரியுமா? மெக்சிகோ வளைகுடாவில் இறால் பிடிக்க வந்த வியட்நாமியர் மேல் உள்ளூர் மீனவர்களுக்கு ஆத்திரம். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் உள்ளே புகுந்தது. படகுகள் எரிந்தன. 1981-ல் கேப்ரியல் மெக்டொனால்ட் என்ற நீதிபதி கிளானுக்குத் தடை போட்டார். டெக்சாஸின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி அவர். அதன் பிறகுதான் அந்த மக்கள் நிம்மதியாக வலை வீசினார்கள்.

உன் வீட்டில் தங்கியிருந்தபோது மருமகள் என்னை பெல்லேர் பக்கம் ஒரு நகக்கடைக்குக் கூட்டிப் போனாளே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கதவைத் திறந்ததும் பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு நெடி. வாசலுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னச் சாமி மாடம், முன்னால் ஆரஞ்சுப் பழம், பாதி எரிந்த ஊதுவத்தி. எனக்கு நகம் வெட்டிய அம்மாவுக்கு என் வயசிருக்கும். முகமூடி போட்டு, விளக்கடியில் கழுத்தைக் குனிந்தவர் முடிக்கிற வரை நிமிரவில்லை. கல்லாவில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண். கணக்குப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே போனை எடுத்து, சுத்தமான அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு நேரம் குறித்தாள். டிப்ஸ் பணத்தை அந்த அம்மா தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கல்லாப்பணம் முதலாளியோடு பங்கு, டிப்ஸ் அவருடையது என்று மருமகள் சொன்னாள்.

இந்தத் தொழிலுக்கு அவர்கள் வந்ததும் ரத்தத்தால் இல்லை. 1975-ல் சாக்ரமென்டோ பக்கம் ஓர் அகதி முகாமுக்கு ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் போய் வந்துகொண்டிருந்தார். பெண்கள் அவர் நகங்களையே பார்ப்பதைக் கவனித்து, தனக்கு நகம் செய்கிறவரை வரவழைத்துச் சுமார் இருபது பேருக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார். ஆங்கிலம் அதிகம் வேண்டாம், முதலீடு சிறிது, பயிற்சி சில மாதம். ஒருத்தி தங்கைக்குச் சொல்ல, தங்கை நாத்தனாருக்குச் சொல்ல, இன்று அமெரிக்காவில் நகக்கடைகளில் வேலை செய்வோரில் பாதிக்கு மேல் வியட்நாமியர். கலிஃபோர்னியாவில் உரிமத் தேர்வையே அவர்கள் மொழியில் எழுதலாம். கடை போட முதலுக்கு, வங்கி கைவிரித்தால் 'ஹுய்' கட்டுவார்கள். நம் ஏலச்சீட்டேதான்: மாதாமாதம் பணம் போட்டு, தள்ளிக் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். எடுத்தவர் ஓடிப்போனால் எல்லாரும் தலையில் கை வைப்பதும் நம்மூர் போலவேதான்.

இனி எண்ணுக்கு வருகிறேன். 2019 வாக்கில் வியட்நாமியக் குடும்பத்தின் நடுநிலை வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் மேலேயும் பாதி கீழேயும் நிற்கிற எண், வருஷத்துக்கு 70 ஆயிரம் டாலரை ஒட்டி. அமெரிக்கா முழுமைக்கும் 66 ஆயிரத்தை ஒட்டி. நீ சிவப்பு வட்டம் போட்டது நாட்டின் நடுக்கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு. 1990 கணக்கெடுப்பில் அவர்களில் நாலு பேருக்கு ஒருவர் வறுமையில் இருந்தார். 2000-ல் அது 16 சதவீதம், 2019-ல் 12. ஆனால் இதைக் கண்டு "பார், முன்னேறிவிட்டார்கள், யாரும் குறை சொல்லக் கூடாது" என்று நீ மறுபக்கம் சாய்ந்தாலும் எனக்குப் பிடிக்காது. அது குடும்ப வருமானம். ஒரே கூரையின் கீழ் தாத்தா, அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் அண்ணன் என்று நாலு சம்பளம் சேர்ந்து வந்தது. தலைக்கு வகுத்தால் அந்த உயரம் கரைந்துவிடும். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இருக்கிறார்கள். சான் ஹொசேயில் 70 ஆயிரம் டாலர் எதற்குக் காணும் என்று உன் நண்பனைக் கேள், அழுவான். நகக்கடையின் அந்த நெடியை நாள் பூரா சுவாசித்ததற்கு எந்தப் பத்தியிலும் கழித்தல் இல்லை.

நம் தெருவையே எடுத்துக்கொள். மாடி வீடு எதெல்லாம் என்று எண்ணிப் பார்: பெரும்பாலும் சொல்தா வீடுகள், பிரெஞ்சுச் சிப்பாய்களின் வீடுகள். அந்தத் தாத்தாக்கள் பலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போனவர்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. எழுதிக்கொடுத்த வீட்டுக்கு யூரோவில் பென்ஷன், பிள்ளைகளுக்குப் பாரிஸ். அதே குலம், அதே கோயில், ஒரே சுவரைப் பங்கு போட்ட பக்கத்து வீடு இன்னும் ஓடுதான். உன் பட்டியல்காரரை இந்தத் தெருவில் விட்டால் என்ன வட்டம் போடுவார்?

கடைசியாக, நம் பச்சை வட்டத்துக்கு வருகிறேன். 2019-ல் அங்கே இந்தியக் குடும்பத்தின் நடுநிலை வருமானம் 1 லட்சத்து 19 ஆயிரம் டாலர். நீ பெருமைப்படுவதில் தப்பில்லை, கஷ்டப்பட்டுப் படித்தாய், நான் பார்த்தேன். ஆனால் 1965 குடியேற்றச் சட்டமும், 1990-ல் வந்த ஹெச்-1பி வேலை விசாவும் வாசலிலேயே சலித்துத்தானே உள்ளே விட்டன? பட்டம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று பார்த்து உன்னை விட்டார்கள். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்து, இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, இங்கே கடலூர் சாலையில் ஹார்டுவேர் கடை நடத்தும் உன் நண்பன் அந்தப் பட்டியலில் இல்லை. வியட்நாமில் படகு ஏறியவர்களிடம் யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை. உயிர் தப்பினால் போதும் என்று வந்தவர்கள், நல்ல வேலைக்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டவர்களோடு ஒரே ஓட்டத்தில் நிற்கிறார்கள்.

உன் மகள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிற வயது. போன தடவை வீடியோவில் பேசும்போது, "நாமதான் நம்பர் ஒன் பாட்டி" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன், அப்பா என்றாள். அவள் வகுப்பில் அந்தக் கல்லாப் பெண்ணைப் போல நாலு பேர் இருப்பார்கள். அமெரிக்காவில் பிறந்த வியட்நாமியப் பிள்ளைகளில் பட்டதாரிகளின் விகிதம் பெற்றோரைவிட வெகு அதிகம் என்பதையும் அவளிடம் சொல். நாளைக்கு அவளோடு வேலைக்குப் போட்டி போடப் போவது அவர்கள்தான்.

உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஒன்று செய். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் நுண்தரவு, அதாவது பெயரில்லாமல் ஆள்வாரியான பதில்கள், இலவசமாகவே கிடைக்கும். வந்த வருஷம், வயது, வீட்டில் எத்தனை பேர், எந்த மாநிலம், இந்த நாலையும் வைத்துப் பிரித்து, 1980-க்கு முன் வந்த வியட்நாமியரையும் அமெரிக்காவில் பிறந்தவர்களையும் தனித்தனியாக எடு. நம்மவர்களையும் அதே மாதிரி பிரி. எக்செல்லில் அனுப்பு, படமாக அனுப்பாதே. நானே வகுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா