கம்போஸ் வீட்டுக் கிணற்றடிக்கு உதவி வேண்டி

அன்புடையீர், வணக்கம்.

கிரேக்கத்தின் கியோஸ் தீவில், நகருக்குத் தெற்கே கமலா ஆரஞ்சும் எலுமிச்சையும் விளையும் சமவெளிக்குக் கம்போஸ் என்று பெயர். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்தாரின் காலந்தொட்டு, வசதியான குடும்பங்கள் கோடையைக் கழிக்க இங்கே மாளிகை கட்டின. காற்றும் புழுதியும் மரங்களை அண்டாதிருக்கத் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். திமியானா ஊர்ச் செங்கல்நிறக் கல்லை வெளிர்க் கல்லோடு மாற்றி மாற்றி அடுக்கிய சுவர்கள். கீழே சரக்கறையும் தொழுவமும், மேலே குடும்பம்.

ஒட்டோமான் படையினர் தீவு மக்கள்மேல் நடத்திய 1822 படுகொலை, மரங்களைக் கருக்கிய 1850 உறைபனி, 1881 நிலநடுக்கம் என மூன்றும் இந்தச் சமவெளியைப் புரட்டிப்போட்டன. எஞ்சிய வீடுகளில் ஒன்றைத்தான் எங்கள் குழு செப்பனிட்டு வருகிறது.

பார்க்க வருகிறவர்கள் மாடி அறையைத்தான் முதலில் கேட்கிறார்கள். மாடி காத்திருக்கட்டும், எங்களுக்கு முதலில் கிணற்றடி. கழுதையோ கோவேறு கழுதையோ வட்டமாகச் சுற்ற, பற்சக்கரம் திரும்பி, வாளிகள் கோத்த சங்கிலி நீரை மேலேற்றும். அந்தப் பொறியை இங்கே மாங்கனோஸ் என்பார்கள். நீர் தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியே மரத்தடிக்குப் போகும். தொட்டியின்மேல் பளிங்குத் தூண்கள், அவற்றின்மேல் திராட்சைப் பந்தல். குளிர்ந்த நிழல் அங்கேதான் என்பதால் சாயங்காலக் காப்பி, விருந்தினருக்குக் கரண்டியில் வைத்துத் தரும் ஆரஞ்சு இனிப்பு, வம்பளப்பு எல்லாம் அந்தத் தொட்டியோரம்தான். வீட்டுக்குக் கூடம் அதுதான் என்றே சொல்லலாம்.

இன்று சங்கிலி அறுந்து, சக்கரம் உளுத்து, தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. மோட்டார் இருக்கையில் இது எதற்கு என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். மரங்களுக்கு மோட்டாரே இறைக்கட்டும். தொட்டியைச் சக்கரம் நிரப்பட்டும். (பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கழுதை இருக்கிறது. அதன் சம்மதத்தை இன்னும் கேட்கவில்லை.)

தச்சு வேலை, கொல்லர் வேலை, சுண்ணாம்புப் பூச்சு மூன்றுக்கும் 14,000 யூரோ ஆகும். கையில் 5,200 இருக்கிறது. ஒரு வாளிக்கு 60 யூரோ. முழு வாளிக்கு முடியாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தும் தரலாம். பணமாகத் தர இயலாதவர்கள், பழைய வாளியோ சங்கிலித் துண்டோ வீட்டில் கிடந்தால் கொடுங்கள், அளவெடுக்க உதவும். பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவை மாதந்தோறும் தோட்ட வாசலில் ஒட்டுவோம். தச்சர் பிப்ரவரியில் வருகிறார், அதற்குள் மரம் வாங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழுவினர்