கையெழுத்து இருக்கிறது, ஏற்புறுதி எங்கே? தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேருமாகத் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்துக்கு இந்தியா ஏழாவது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1997-இல் அதே அக்டோபர் 14-ஆம் நாளில்தான் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது. ஆனால் ஏற்புறுதி, அதாவது கையெழுத்திட்டதை முறைப்படி ஏற்று உறுதிசெய்தல், அளித்தால்தான் உடன்படிக்கை ஒரு நாட்டை முழுமையாகக் கட்டுப்படுத்தும். அதை நாம் இன்னும் அளிக்கவில்லை. அதற்கான சட்டத்தை அவையில் மீண்டும் எழுப்புமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இதை உள்நாட்டு விவகாரத்தில் வெளியாரின் தலையீடு என்று ஒதுக்குவோர் 1946-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியருக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை, அப்போது விடுதலைகூடப் பெற்றிராத இந்தியா ஐ.நா. பொதுப் பேரவைக்குக் கொண்டுசென்றபோது, அது தங்கள் உள்நாட்டு விவகாரம் என்றுதான் அந்நாட்டுப் பிரதமர் ஸ்மட்ஸ் வாதிட்டார். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற குழு அவ்வாதத்தை முறியடித்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தக் குழு யாருக்காகப் பேசியதோ அவர்களில் பலர், 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர்கள். நெருக்கடி நிலை முடிந்த 1977-இல், சித்திரவதைக்கு எதிராக ஒவ்வொரு நாடும் தானே முன்வந்து உறுதிமொழி தர வேண்டும் என்ற தீர்மானத்தை ஐ.நா.வில் முன்னெடுத்ததும் இந்தியாதான். பிற நாடுகளிடம் உறுதிமொழி கேட்ட நாடு, தன் முறை வரும்போது தயங்குவது எப்படிப் பொருந்தும்?

2017-இல் ஜெனீவாவில் நம் மனித உரிமை நிலை பரிசீலிக்கப்பட்டபோது, ஏற்புறுதி அளிப்பதில் உறுதியாக இருக்கிறோம் என்ற அரசுத் தலைமை வழக்குரைஞர், சித்திரவதை நம் பண்பாட்டுக்கே அந்நியமானது என்றும் சொன்னார். சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் 1855-ஆம் ஆண்டு அறிக்கையோ, வரி வசூலுக்காகக் கைவிரல்களை நெரித்த கருவியைக் 'கிட்டி' என்ற நம் சொல்லாலேயே குறிக்கிறது. அவ்வளவு பின்னே போவானேன்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், 2025 ஜூனில் நகை காணாமற்போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட மடப்புரம் கோயில் காவலாளியும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

இருக்கும் சட்டமே போதும் என்பது ஒரு வாதம். குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துவதைத் தண்டிக்கிறது. ஆனால் 2023-இல் புதிதாக எழுதப்பட்ட அந்தச் சட்டத்திலும் சித்திரவதைக்கென்று ஒரு வரையறை இல்லை. உடலில் தழும்பு விடாத மன வதையை எந்தப் பிரிவில் பதிவுசெய்வது? காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பது இன்னொரு வாதம். பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற எந்தப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம் என்று அரசமைப்பின் 253-ஆம் கூறு தெளிவாகச் சொல்கிறது. மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் உங்களில் பலருக்கு இக்கூறு உவப்பானதாக இராது என்பதை அறிவேன். ஆனாலும் லாக்-அப்பில் அடிபடாமல் இருக்கும் உரிமையை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் ஒன்றாக நினைக்க என்னால் இயலவில்லை.

சட்டம் வகுப்பதற்கான வேலையும் பெரும்பாலும் முடிந்தே இருக்கிறது. 2010 மே மாதம் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவை மாநிலங்களவையின் தெரிவுக் குழு திருத்தி வலுப்படுத்தியது. மக்களவை கலைந்த 2014-இல் அது காலாவதியானது. குழுவின் தலைவராக இருந்த அஸ்வனி குமாரே பின்னர் இத்தகைய சட்டம் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையோடு புதிய வரைவொன்றையும் அளித்தது. சட்டமியற்றுமாறு நாடாளுமன்றத்துக்குத் தான் உத்தரவிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், பந்து இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தாமதத்துக்கு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1995-இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க்காரர் கிம் டேவியை, இங்கே சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்று கூறி 2011-இல் டென்மார்க் நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது. நாட்டின் பாதுகாப்பை முன்வைத்துப் பேசுவோருக்கும் இது கவலை தர வேண்டிய செய்தி.

ஏற்புறுதியால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1994-இலேயே ஏற்புறுதி அளித்துத் தனிச்சட்டமும் இயற்றிய இலங்கையில் அதன் பின்னும் நடந்தவை நமக்குத் தெரியும். ஆயினும் சட்டம் இருக்கும் இடத்தில் பாதிக்கப்பட்டவர் அதைச் சுட்டி வழக்காட முடியும்.

ஆகவே, கட்சி வேறுபாடின்றி நீங்கள் கூட்டாக உள்துறை அமைச்சரிடம் ஏற்புறுதிக்கான கால வரையறையைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், சட்ட ஆணையத்தின் வரைவையே தனிநபர் மசோதாவாக ஒரு வெள்ளிக்கிழமை அவையில் வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்