மூலையில் கிடந்த நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

சின்னதாக ஒரு பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் செக் திரும்பி வந்த பிறகுதான் ஜிஎஸ்டி பாக்கிக்காக என் வங்கிக் கணக்கை முடக்கியிருப்பதே தெரிந்தது. விசாரித்தால், நோட்டீஸ் வந்து பத்து மாதம் ஆகிறதாம், நான் பதில் போடாததால் உத்தரவும் போட்டுவிட்டார்களாம். எங்கே வந்தது? ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலில், கூடுதல் நோட்டீஸ்கள் என்று ஒரு மூலையில். எஸ்எம்எஸ் போனது 2017ல் பதிவு செய்தபோது கொடுத்த பழைய கணக்குப்பிள்ளையின் நம்பருக்கு. அதை மாற்றாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான்: எனக்குச் சுவரில் பூசும் புட்டி சப்ளை செய்தவர் என்னிடம் வாங்கிய வரியை அரசுக்குக் கட்டவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 16வது பிரிவுப்படி அவர் கட்டாவிட்டால் எனக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, கிடையாது. ஆக, பில்லோடு ஒருமுறை கட்டிய 38 ஆயிரத்தை மறுபடி கட்ட வேண்டும், வட்டி, அபராதம் தனி. சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்கள் வரும 2பி அறிக்கையை மாதாமாதம் பார்த்திருந்தால், அவர் என் பில்லைக் காட்டினாரா என்பதாவது அப்போதே தெரிந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் சொன்னால் இன்னொரு மாதம், சர்ச்சையில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது. போர்ட்டலில் ஏற்றியது மட்டும் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது, சரி, ஆனால் 38 ஆயிரத்துக்கு வக்கீல் வைக்கவா? பதில் வராவிட்டால் ஒரு பதிவுத் தபாலாவது கடை முகவரிக்கு அனுப்பக்கூடாதா?

இப்படிக்கு,
ஒரு பெயின்ட் கடைக்காரர்