மன்றத்தின் ஆண்டறிக்கை 2024–25: மார்க்கமும் இன்றைய வாழ்க்கையும் பற்றிய பொதுக்கூட்டங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, மூத்த சகோதரர்களான காக்காமார்களே, மூத்த சகோதரிகளான லாத்தாமார்களே, வெளிநாட்டு வேலையிலிருந்து விடுப்பில் ஊர் வந்திருக்கும் சபுராளிகளே, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் நடத்திய கூட்டங்களைப் பற்றிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசுவார், துஆ ஓதிக் கலைவோம் என்ற பழைய முறையை விட்டுவிட்டு, பேச்சை முக்கால் மணி நேரத்தில் முடித்து மீதி நேரத்தைக் கேள்விக்கு விடுவது. பெண்கள் பகுதியில் ஒரு பெட்டி வைத்து, பெயர் எழுதாத சீட்டுகளை வாங்குவது. இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது அந்தப் பெட்டிதான்.

முதல் கூட்டம் மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் போகிறவர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தலைப்பு வாரிசுரிமை. குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களை மார்க்க அறிஞரான ஹஜ்ரத் விளக்கினார்கள்: மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளை விட்டுப் போனவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று. இது பலரும் கேட்டறிந்த கணக்குதான். சீட்டுகளைப் பிரித்த பிறகுதான் கூட்டம் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "வீட்டை மகளுக்குக் கொடுத்துட்டோம். கட்டின காசு மகன் துபாயில் சம்பாதிச்சது. எங்க காலத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வராம இருக்க என்ன செய்யணும்?"

கல்யாணத்தோடு மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பதும் கீழக்கரைப் பக்கம் தலைமுறைகளாக உள்ள வழக்கம். பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை இருப்பது பெரிய பாதுகாப்பு, அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் சபுர் போன பிள்ளையின் உழைப்பும் அதே சுவரில் இருக்கிறது. ஹஜ்ரத் நிதானமாகப் பதில் சொன்னார்கள். உயிரோடு இருக்கும்போது மனமுவந்து கொடுத்து, பெறுபவர் ஏற்று, சொத்தைக் கைவசம் ஒப்படைத்துவிட்டால் அந்த அன்பளிப்பு (ஹிபா) செல்லும். மௌத்து, அதாவது மரணத்துக்குப் பிறகு என்று வாரிசு ஒருவருக்கு உயில் எழுதினால், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு அல்லாதவருக்கு எழுதினாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பிறகு நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸை எடுத்துச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த தகப்பனாரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் திரும்பப் பெறச் சொன்னார்கள். அதைக் கேட்டு, முன்வரிசையில் இருந்த ஒரு காக்கா எழுந்து, "வாப்பா இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசி எழுதிவிட வேண்டும்" என்றார். கூட்டம் அதை ஆமோதித்தது.

ஜூலைக் கூட்டத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருந்தோம். மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் ஜூலை 10 அன்று தீர்ப்பளித்திருந்த நேரம் அது. அந்த மாதம் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 144ஆம் பிரிவு என்பதையும் அவர் சொன்னார். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது, சொன்னவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டம் நம்மூரில் பலருக்குத் தெரிந்திருந்தது. ஜீவனாம்சத் தீர்ப்பு பெரும்பாலோருக்குப் புதிது. ஷரீஅத்தில் கைவைப்பதாகாதா என்று சிலர் கேட்டார்கள். தலாக் விடப்பட்ட பெண்களுக்கு முறையான வசதி செய்து கொடுப்பது இறையச்சம் உடையோர் மீது கடமை என்று அல்பகறா 241ஆம் வசனம் சொல்வதை ஹஜ்ரத் நினைவூட்டினார்கள். நாமே அந்த வசனப்படி நடந்திருந்தால் எத்தனையோ பெண்கள் கோர்ட் படி ஏறியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆகஸ்ட் கூட்டம் மனதைக் கனக்க வைத்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் 28 பேர் இறந்தார்கள். நமக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தது. மனநல மருத்துவர் ஒருவரையும் மார்க்கக் கல்வி கற்ற ஆலிம் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தினோம். நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான் என்ற ஹதீஸிலிருந்து ஆலிம் தொடங்கினார்கள். எந்த முறையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்வதை மருத்துவர் விளக்கினார். ஏர்வாடியிலேயே தவாவும் (மருந்தும்) துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து நடக்க அரசு ஏற்பாடு செய்திருப்பதையும் சொன்னார். அன்று பெட்டியில் விழுந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் தூக்கமின்மை, பிள்ளை பெற்ற பின் வரும் சோர்வு, காரணமில்லாத பயம் பற்றியவை. வீட்டுக்குள் மறைத்து வைத்த நோய்கள் இவ்வளவா என்று எல்லோரும் அமைதியாகிவிட்டோம். மருத்துவர் இரவு வெகுநேரம் இருந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு மன்றத்தின் நன்றி.

அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் (நூல்கள்) பற்றிய பேச்சும், வாட்ஸ்அப்பில் வரும் ஹதீஸ்களைச் சரிபார்ப்பது பற்றிய பேச்சும் நல்லபடியாக நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. அந்த 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை எல்லோரும் அறிவீர்கள். அந்த வாரம் நம் இளைஞர்கள் உணவுப் பொட்டலம் கட்டினார்கள்.

ஜனவரிக் கூட்டத்தின் தலைப்பு, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும், பெண் வீட்டாரிடம் வாங்கும் வரதட்சணையான கைக்கூலியும். தப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) மஹர் என்று ஒரு தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதற்கு முன்பே பெண் வீட்டிலிருந்து போன நகையும் ரொக்கமும் எந்தத் தப்தரிலும் ஏறுவதில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை. பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்குவதற்கு அதில் விலக்கு கிடையாது. நிக்காஹ் பதிவதற்கு முன் ஜமாஅத் இரு வீட்டாரிடமும் இதை நேராகக் கேட்க வேண்டும் என்று அன்றே வேண்டினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

ரமலானில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகைக்குப் பின், வசதி உள்ளவர்களின் கடமையான தர்மம் ஜகாத் பற்றிப் பேசினோம். 85 கிராம் தங்கத்தின் அளவுக்குச் செல்வம் இருந்தால் இரண்டரை சதவீதம் என்பதோடு நிற்காமல், "போட்டிருக்கும் நகைக்கு ஜகாத் உண்டா?" என்ற சீட்டு வந்தது. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை, ஹனஃபியில் உண்டு. இரண்டையும் ஆதாரத்தோடு சொன்ன ஹஜ்ரத், ஒருவரை ஒருவர் பழிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் பங்குக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, செயற்குழுவில் இரண்டு பெண்களைச் சேர்ப்பது. சீட்டு எழுதும் கைகளுக்குத் தலைப்பை முடிவு செய்யும் இடமும் வேண்டும். இரண்டு, நேரமில்லாமல் பதில் சொல்லாது விட்ட சீட்டுகளுக்காக, வழக்கறிஞரும் ஆலிமாவும் மாதம் ஒருமுறை மதரஸாவில் அமர்வது. உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்